வீட்டில் தோட்டா ரீலோடு செய்யும்போது பிரைமரை எப்படிப் பாதுகாப்பாகக் கையாள்வது? கையிலேயே வெடித்துவிடுமா?

கையில் எனக்கு வெடித்ததில்லை. வாக்குவம் கிளீனருக்குள் வெடித்திருக்கிறது.

ரீலோடு என்றால், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு ஏற்றி மறுபடி தோட்டாவாக்குவது. கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அதற்கான அழுத்தும் கருவி, பிரஸ், ஒன்றைப் புதிதாக வாங்கி மேசையில் மாட்டிவிட்டு, முதல் நூறு பிரைமர் டப்பாவைப் பிரிக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தியாவிலிருந்து கேட்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

"அமெரிக்கா போனதும் துப்பாக்கி தூக்கிட்டான் பாரு" என்று கமென்ட் போடக் காத்திருப்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய் அட்டையைச் சுடுகிறேன். மான்கூட சுட்டதில்லை.

பிரைமர் என்பது மிளகு அளவில் ஒரு உலோகக் குப்பி. 9 எம்எம் தோட்டாவுக்குப் போடுவது 0.175 அங்குலம். உள்ளே துளி மருந்து, அதன்மேல் அன்வில் என்கிற சின்னத் தகடு. துப்பாக்கியின் ஊசி பின்னாலிருந்து இடித்ததும் மருந்து அந்தத் தகட்டில் நசுங்கித் தீப்பொறி கிளம்பும். ஊரில் பொட்டு வெடியைக் கல்லால் குத்துவோமே, அதே வேலைதான். ஆனால் பொட்டு வெடியில் சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும்; இதில் லெட் ஸ்டிஃப்னேட். அடி, உரசல், சூடு, நிலைமின்சாரம் எதுவுமே இதற்கு ஆகாது.

2022 டிசம்பர். அப்போது மாடியில் ஒரு காலி அறையில் மேசை போட்டிருந்தேன். தரை முழுக்கக் கார்ப்பெட், அதுதான் முதல் தப்பு. ஒரு ராத்திரி நூறு கூடுகளுக்கு பிரைமர் ஏற்றினேன். கைக்கருவியின் தட்டில் கொட்டி, லேசாக ஆட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக அழுத்துவது. முடிக்கும்போது ஒரு கூடு காலியாக நின்றது. டப்பாவிலேயே ஒன்று குறைவாக வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த டப்பாவிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து என் மனைவி அந்த அறையை வாக்குவம் போட்டாள். பட்டென்று ஒரு சத்தம். மெஷின் ஓடு விரிசல் விட்டுப் புகை வந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். உறிஞ்சின பிரைமரை உள்ளே சுற்றுகிற விசிறி அடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் மாடிக்கு முதலில் ஓடி வந்தது அம்மா. ஆறு மாதம் தங்க வந்திருந்தார். வாசலிலேயே நின்று, "ஏய்யா, மருந்து வாடை அடிக்குதே?" என்றார்.

அம்மாவுக்குச் சாத்தூர். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கத் தொடங்கி, பிறகு பட்டாசு ஆபீசில் பதினோரு வருடம். (எங்கள் பக்கம் ஃபாக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) அந்த அறையில் ஏதோ மெஷின் வேலை பார்க்கிறேன் என்று மட்டும் அதுவரை சொல்லி வைத்திருந்தேன். அன்று மேசையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "நான் மருந்து ரூம்ல உக்காந்தது நீ படிக்கத்தானடா. நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்து உக்காந்திருக்க" என்றார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்து, "எத்தன கொட்டுன, எத்தன போட்ட?" என்று கேட்டார். கணக்கு இடித்தால் எழுந்திருக்கக் கூடாதாம். குனிந்து தேட வேண்டுமாம். மேசைக்கடியில் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னவரும் அவர்தான். என் பழைய வேட்டி ஒன்று இப்போது அதற்கு. விழுந்தால் பளிச்சென்று தெரிகிறது.

இப்போது மேசை கராஜில், சிமென்ட் தரையில். அங்கேயும் நிம்மதி இல்லை. கோடையில் காற்றுக்காகக் கதவைப் பாதி திறந்து வைத்தால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது, கதவு மூடியிருக்க வேண்டுமாம், தெருவின் அழகு கெடுகிறதாம். எதிர்வீட்டுக்காரர் படகு எட்டு மாதமாக வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதற்குக் கடிதம் போன மாதிரி தெரியவில்லை. வாசலில் போட்ட கோலத்துக்கும் எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. விடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரைமரை வந்த டப்பாவிலேயே வையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருப்பதே ஒன்று வெடித்தால் மற்றது பற்றாமல் இருக்கத்தான். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊறுகாய் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள், அது வெடிகுண்டு. இறுக மூடும் இரும்புப் பெட்டியும் வேண்டாம். இங்கே தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதி சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பத்தாயிரம் வரை வைக்கலாம் என்கிறது. ஆனால் 2020, 21இல் தட்டுப்பாடு வந்தபோது ஆயிரம் 35 டாலருக்கு விற்றது நூறைத் தாண்டியது, ஆளுக்கு ஒரு டப்பா என்று கடையில் கைவிரித்தார்கள். ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி. அந்தப் பயத்தில் வாங்கிக் குவிக்காதீர்கள்.

ஏற்றும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நான் பார்வைக்குப் போடுகிற கண்ணாடியே போதும் என்றிருந்தேன், போதாது. பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே, 0.003 முதல் 0.005 அங்குலம் இறங்க வேண்டும். விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். துருத்திக்கொண்டிருந்தால் ஊசி அடித்தும் வெடிக்காமல் போகும், அல்லது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். இரண்டாவதுதான் பயங்கரம். மருந்தும் குண்டும் ஏற்றி முடித்த தோட்டாவில் துருத்துவதைப் பார்த்தால் மேலே அழுத்தவே அழுத்தாதீர்கள், குண்டைப் பிடுங்கிப் பிரியுங்கள்.

பிரைமர் ஏறாமல் முரண்டு பிடித்தால் பலம் காட்டக் கூடாது. பெரும்பாலும் அது ராணுவக் கூடாக இருக்கும், பிரைமர் குழியின் விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த மடிப்பை முதலில் எடுக்க வேண்டும். பலத்தால் அழுத்தினால் பிரைமர் கையில் வெடிக்கக்கூடிய இடம் இதுதான்.

எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறப்போட்டால் பிரைமர் செத்துவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நம்பாதீர்கள், காய்ந்தபின் உயிர் வந்தாலும் வரும்.

வெடிப்பதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், ஈயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுட்ட பழைய பிரைமரைக் கழற்றும்போது உதிரும் கரித்தூசியில் ஈயம் இருக்கிறது. மேசையில் காபி டம்ளர் வைக்காதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். போனில் பேசினால் பேரன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு, "கணக்கு சரியா இருக்கா?" என்பார். இருக்கிறது என்பேன். எதற்கென்று என் மகனுக்கு இன்னும் தெரியாது.

கமென்டில் படம் கேட்காதீர்கள், போட மாட்டேன். உங்கள் பிரஸ் என்ன மாடல் என்று சொன்னால், அதில் பிரைமர் எப்படி ஏறும் என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.