திருநர்களுக்குக் கோமாளி வேடம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

எல்லாத் திருநர்களுக்கும் பிடிக்கும் என்று இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோமாளி என்று பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிற திருநங்கைகளை எனக்குத் தெரியும், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் கோமாளிக் கலை சொல்லிக்கொடுக்கிற வகுப்புகளிலும் சின்னச் சின்ன மேடைகளிலும் எங்கள் ஆட்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். நானும் திருநங்கைதான், சில வருடங்களாகக் கோமாளி வேடம் கட்டுகிறேன், அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதில்.

‘ஒளிந்துகொள்ள ஒரு முகமூடி வேண்டும், அதனால்தான்’ என்று வெளியில் இருப்பவர்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்களுக்குப் பழகிப்போன ஒரு பார்வை உண்டு. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் கண் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்கும், தாடை, தோள், கை என்று இறங்கும், ஆணா பெண்ணா என்று ஒரு கணக்குப் போடும். அந்தக் கணக்கே எழாமல் ஆளைத் தாண்டிப் போவதைத்தான் பாஸிங் என்கிறோம். நடக்கும்போது கை எப்படி வீசுகிறது என்பதைக்கூட நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருந்து பார்த்தால்தான் அதிலுள்ள அலுப்பு தெரியும். கோமாளியைப் பார்க்கிறவர்கள் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அது ஆணா பெண்ணா என்று ஒரு குழந்தை யோசித்தாலும் பதில் கிடைக்கும் முன்பே அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். எல்லாரும் நம்மையேதான் பார்க்கிறார்கள், ஆனாலும் பரீட்சை இல்லை. இந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று எழுத்தில் சொல்வது கஷ்டம்.

அப்புறம் உடம்பு. தொளதொளவென்ற கால்சட்டை, பெரிய செருப்பு, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி. மார்பு, இடுப்பு, தோள் எதுவும் தெரியாது. கண்ணாடியில் தன் உடம்பைப் பார்த்தாலே மனது ஒட்டாமல் போகிற அந்த டிஸ்ஃபோரியா உள்ளவர்களுக்கு, உடம்பு இப்படி ஒரு வடிவமே இல்லாததாக மாறிவிடுவது பெரிய ஓய்வு. திருநம்பி நண்பர் ஒருவர் மார்பை இறுக்கிக் கட்டுகிற பைண்டர் இல்லாமல் மற்றவர்கள் முன்னால் மூச்சு விட்டதே கோமாளி உடையில்தான் என்றார். குரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி, பேசாமலேயே நடிக்கிற கோமாளிகளும் நிறைய உண்டு.

என் விஷயத்தில் இது ஒப்பனையில் தொடங்கியது. முகச்சவரம் செய்த பிறகும் தோலுக்கடியில் தெரிகிற நீலநிழலை மறைக்க நாங்கள் முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு, அதன்மேல் ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர் என்று போவோம், அப்படியும் வெயிலில் தெரிந்துவிடும். கோமாளியின் வெள்ளை கிரீஸ் பூச்சை விரலில் எடுத்து, தடவி, தட்டித் தட்டி சமன் செய்து, மேலே பவுடர் போட்டு ஒற்றினால் அந்த நிழல் மொத்தமும் காணாமல் போய்விடும். இன்னும் வீட்டில் எதையும் சொல்லாத காலத்தில் உதட்டுக்குச் சிவப்பும் கண்ணுக்கு மையும் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நிற்க எனக்குக் கிடைத்த அனுமதி அது ஒன்றுதான். ‘நாடகத்துக்கு’ என்று சொன்னால் போதும், யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது, சரி, அதற்குப் பிறகும் ஏன் அங்கேயே இருந்தேன் என்றால் அந்தச் சிவப்பு மூக்குதான் காரணம். பாரிஸில் 1956-இல் நாடகப்பள்ளி தொடங்கிய ஜாக் லெகாக், அந்த மூக்கை உலகத்திலேயே மிகச் சிறிய முகமூடி என்பார். அவர் வழி வந்த வகுப்புகளில் ஒரு பயிற்சி உண்டு. திரைக்குப் பின்னால் மூக்கை மாட்டிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும், எதுவும் செய்யக்கூடாது, பார்வையாளர்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் நின்றபோது ஆசிரியை பெயரைக் கேட்டார். மாதக்கணக்கில் பயிற்சி செய்து மெல்லியதாக்கி வைத்திருந்த குரல் பதற்றத்தில் பாதியிலேயே உடைந்து கட்டைக் குரலாக இறங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். வேறெங்கும் என்றால் ஓடியிருப்பேன். ஆசிரியை, ‘ஓடாதே, அவர்களைப் பார்’ என்றார். பார்த்தேன். பிறகு என் பெயரை இன்னும் கட்டையாக, வேண்டுமென்றே, ரொம்ப மரியாதையாகச் சொன்னேன். சிரிப்பு இரண்டு மடங்கானது. நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்தினார்கள், தலையைத் திருப்பினால் மறுபடி தொடங்கினார்கள். எந்தக் குரலை யார் காதிலும் விழாமல் காத்து வந்தேனோ அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கோமாளிப் பயிற்சியில் ஃப்ளாப் என்பார்கள், செய்ய நினைத்தது சொதப்பும்போது அதை மறைக்காமல் எல்லார் கண்ணுக்கும் காட்டுவது. பாஸிங்கில் சின்னத் தவறும் ஆபத்து, சில சமயம் உயிருக்கே. கோமாளிக்குத் தவறுதான் மூலதனம். எங்கள் ஆட்கள் வந்து ஒட்டிக்கொள்வதற்கு என் கணிப்பில் இதுதான் முதல் காரணம்.

இன்னொன்று, கோமாளி முகம் ஒருவருக்கு மட்டுமே சொந்தம், அடுத்தவர் முகத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது தொழிலில் எழுதப்படாத சட்டம். லண்டனில் 1946-இல் ஸ்டான் பல்ட் என்பவர் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓடுகளில் வரையத் தொடங்கினார், இன்று அது பீங்கான் முட்டைகளில் ஒரு பதிவேடாகவே தொடர்கிறது. முகத்தைத் தானே வரைந்து, பெயரைத் தானே வைத்து, இதுதான் நான் என்று போய்ப் பதிந்துகொள்வது. சான்றிதழில் ஒரு பெயரை மாற்ற அலைந்தவர்களுக்கு இது எப்படி இனிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பிடிக்காதவர்கள் பக்கம். பல மொழி சினிமாவும் எங்களைப் போன்றவர்களைத் திரையில் காட்டியதே பெரும்பாலும் சிரிக்க வைக்கத்தான். அதைப் பார்த்து வளர்ந்த ஒருத்தி இனி என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவே கூடாது என்று முடிவெடுத்தால் அதில் என்ன தப்பு? அவளிடம் போய் கோமாளி வேடம் விடுதலை என்றெல்லாம் நான் பாடம் எடுக்க மாட்டேன். ஆனால் சிரிப்பைத் தொடங்குவதும் நிறுத்துவதும் யார் கையில் என்பது முக்கியம். லெகாக் பள்ளியில் பூஃபோன் என்று இன்னொரு வகையும் கற்பித்தார்கள். ஊர் ஒதுக்கிவைத்தவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்து, ஒதுக்கியவர்களையே அவர்கள் முகத்துக்கு நேராக நடித்துக் காட்டுவது. அதை முதல்முறை பார்த்தபோது, நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் டாக்டர் மாதிரியும் அதிகாரி மாதிரியும் பேசிக்காட்டிச் சிரிப்போமே, அதுதானே இது என்று தோன்றியது.

சான் பிரான்சிஸ்கோவில் 1979-இல் தொடங்கிய சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜென்ஸ் அமைப்பையும் சொல்ல வேண்டும். எல்லாப் பாலினத்தவரும் இருக்கிற குழு, முகத்தில் வெள்ளைப் பூச்சு, உடம்பில் கன்னியாஸ்திரி உடை. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய 1982-லேயே பாதுகாப்பான உடலுறவு பற்றி வேடிக்கையான மொழியில் துண்டுப் பிரசுரம் போட்டவர்கள். அந்த வேடம் இல்லாமல் வந்து சொல்லியிருந்தால் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பார்கள்? சமீபத்தில் என்றால் திருநங்கையான வேரா ட்ரூ தானே இயக்கி நடித்த ‘தி பீப்பிள்ஸ் ஜோக்கர்’ என்ற படம். பேட்மேன் கதைகளில் கோமாளி முகத்தோடு வருகிற வில்லன் ஜோக்கர், இதில் ஒரு திருநங்கை. 2022-இல் டொரொண்டோ திரைப்பட விழாவில் ஒரே ஒரு காட்சியோடு உரிமைச் சிக்கலில் நின்றுபோய், 2024-இல்தான் திரையரங்குக்கு வந்தது.

நீங்களும் முயன்று பார்க்க நினைத்துக் கேட்டிருந்தால் இரண்டு விஷயம். சேரும் முன் ஆசிரியரிடம் பேசுங்கள், மாணவரைக் கிண்டலடித்தே சொல்லிக்கொடுக்கிற பாணி இந்தக் கலையில் உண்டு, அது பாலினம் வரை வருமா என்று நேராகவே கேட்கலாம், கேள்வியே பிடிக்காதவரிடம் சேர வேண்டாம். அப்புறம் சவரம் செய்த கையோடு வெள்ளைப் பூச்சைப் போடாதீர்கள், நெருப்பாக எரியும், முந்தைய இரவே சவரத்தை முடித்துக்கொள்ளுங்கள். கழுவும்போது முதலில் எண்ணெய், அதற்குப் பிறகுதான் சோப்பு.