சாயங்காலம் பறித்த கீரை விடியும்வரை கெடாமல் இருக்க

கேள்வி: பத்து சென்டில் சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லி போட்டிருக்கிறேன். சாயங்காலம் பறித்துக் கட்டி, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடித் திண்ணையில் வைக்கிறேன். விடியற்காலை உழவர் சந்தைக்கு எடுக்கும்போது நடுவில் உள்ள கட்டுகள் பழுத்துவிடுகின்றன, சிலது வழவழவென்று அழுகியும் போகிறது. வாங்குகிறவர்களும் ‘மறுநாளே வீணாகுது’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு பெண் விவசாயி, மேலூர்

பதில்: அம்மா, உங்கள் கீரை தண்ணீர் போதாமல் கெடவில்லை. சூடு வெளியேற வழியில்லாமல் கெடுகிறது. இன்று இரவு ஒன்பது மணிக்கு அந்தக் குவியலின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். எருக்குழிக்குள் விட்டதுபோல் வெதுவெதுவென்று இருக்கும். பறித்த பிறகும் கீரை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அதில் சூடு பிறக்கிறது. பகல் வெயிலில் வாங்கிய சூடும் சேர்ந்துகொள்கிறது. இலைமேல் ஈரம், அதன்மேல் சாக்கு என்றால் அழுகல் பிடிக்க ஒரு ராத்திரி போதும்.

அதனால் தெளிப்பதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் வேருக்குத்தான் வேண்டும், இலைக்கு வேண்டாம். வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகு பறியுங்கள். சிறுகீரையை மண் உதறி, வேரை மட்டும் அலசி, நிழலில் அரைமணி நேரம் பரப்பி ஆறவிடுங்கள். கிழிந்த இலை, பழுத்த இலை எல்லாவற்றையும் அப்போதே கிள்ளி எறியுங்கள். ஒரு அழுகல் இலை கட்டையே கெடுத்துவிடும். அப்புறம் தளர்வாகக் கட்டி, அகலமான பேசினில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு, கட்டுகளை நெருக்காமல் நிற்க வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது. அரைக்கீரை, கொத்தமல்லிக்கும் இதேதான்: வெட்டுவாயோ வேரோ மட்டும் தண்ணீரில் இருக்கட்டும். மேலே நனைத்துப் பிழிந்த பழைய வேட்டி ஒன்று போதும். சாக்கு வேண்டாம்.

கட்டுகள் அதிகமாகிவிட்டால், டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய செங்கல் குளிர்பெட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். கரண்டே வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இரட்டைச் செங்கல் சுவர் எழுப்பி, இடையில் 7.5 செ.மீ. இடைவெளி விட்டு ஆற்றுமணலை நிரப்புங்கள். காலையும் மாலையும் மணலை நன்றாக நனையுங்கள். ஓலையோ வைக்கோலோ வைத்து மூடி செய்யலாம். மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். உங்கள் பக்கத்து வறண்ட கோடைக்கு இது அருமையாக வேலை செய்யும், மழைக்காலத்தில் அவ்வளவு பயன் தராது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குப் போனதும் கட்டைப் பிரித்து, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கட்டும். சமைக்கும்போது கழுவினால் போதும். பழுத்த வாழைப்பழம், தக்காளி பக்கத்தில் வைக்க வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் கொத்தமல்லியை வேரோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம்.

யூரியா எப்போது போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அறுப்பு நெருங்கும்போது போட்டிருந்தால் இலை கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தண்டு நீர்கோத்து மென்மையாகிவிடும், சீக்கிரம் அழுகும். அடுத்த விதைப்பில் மக்கிய தொழுவுரத்தை அடியுரமாகக் கூட்டிப் போட்டு, யூரியாவைக் குறைத்துப் பாருங்கள்.