67 வயதில் வாட்ச் காட்டும் விஓ2 மேக்ஸை நம்பலாமா?

விஓ2 மேக்ஸ் என்பது, முழு மூச்சாக உழைக்கும்போது உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. உங்களுக்கு 67 வயது, வாட்ச் அதை 24 என்று காட்டி, பக்கத்திலேயே 'குறைவு' என்றும் போட்டுவிட்டது என்கிறீர்கள். எனக்கு 71 வயது. என் வாட்ச் 36 என்றது. இரண்டு வாரம் அந்தப் பெருமையிலேயே திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது: நான் ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவன். அந்த மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாது. வாட்ச் மூச்சை அளப்பதில்லை. நடக்கும் வேகத்தையும் துடிப்பையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. துடிப்பு குறைவாக இருந்ததைப் பார்த்து 'ஆள் பலே' என்று முடிவு கட்டிவிட்டது.

மாத்திரை இல்லாவிட்டாலும் சிக்கல் உண்டு. உங்கள் இதயம் அதிகபட்சம் எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்பதையும் வாட்ச் பெரும்பாலும் வயதை வைத்தே ஊகிக்கிறது. அதிகபட்சத் துடிப்புக்கு 220இல் வயதைக் கழி என்பார்கள், உங்களுக்கு 153. 208இல் வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் இன்னொரு சூத்திரம் 161 என்கிறது. உங்கள் இதயம் இரண்டையும் மதிக்காமல் போகலாம்.

சரி, 24 நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 24 மில்லி ஆக்சிஜன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு 3.5 என்பது பொதுக் கணக்கு. அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு வரை உங்களால் போக முடிகிறது. யார் துணையும் இல்லாமல் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஏறக்குறைய 15 முதல் 18 வரை வேண்டும் என்பார்கள். அதற்கு மேல்தான் இருக்கிறீர்கள். கிலோவால் வகுப்பதால், இதயம் அப்படியே இருந்து எடை மட்டும் கூடினாலும் எண் இறங்கும்.

சரியான அளவீடு என்றால் மூச்சை அளக்கும் முகமூடி மாட்டி டிரெட்மில்லிலோ சைக்கிளிலோ செய்வதுதான். நானும் செய்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன். "கையை எடுங்க சார், பாதி எடையை அதுல போடறீங்க" என்றார் அங்கிருந்த பெண். முகமூடி இல்லாமல் நடந்த நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் இடங்களில் இந்தப் பிடி எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். நிறுத்தியதும் அவர் முதலில் கேட்டது, "மூச்சு வாங்கிச்சா, கால் வலிச்சுதா?" கெண்டைக்கால்தான். மூச்சு இன்னும் மிச்சமிருந்தது. என்னைக் கேட்டால், வந்த எண்ணைவிட இந்தப் பதில்தான் முக்கியம். என் வயதில் பலருக்கு இதயத்துக்கு முன்பே கால் கைவிடுகிறது. அதனால்தான் அறிக்கையில் 'மேக்ஸ்' (உடலின் உச்ச வரம்பு) என்று போடாமல் 'பீக்' (அன்று எட்டிய உச்சம்) என்று போடுகிறார்கள்.

வீட்டில் உங்கள் தெம்பை அளக்க ஆறு நிமிட நடை போதும்: அதற்குள் போய்த் திரும்பி மொத்தம் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று பார்ப்பது. 30 மீட்டர் சமதளம், இரு முனையிலும் சாக்பீஸ் கோடு, இளைப்பாற ஒரு நாற்காலி, கூட ஓர் ஆள். ஓடக்கூடாது, நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. எனக்கு முதல் தடவை 412 மீட்டர், மறுவாரம் 437. அது உடற்பயிற்சியின் பலன் இல்லை, திரும்பும் இடத்தில் தடுமாறாமல் திரும்பக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். ஆகவே முதல் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகும் 30 மீட்டர் அளவுக்கு மாறினால்தான் நான் பொருட்படுத்துவேன். முடித்ததும் தூரத்தோடு துடிப்பு, மூச்சு, கால் எப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நடந்தால் நெஞ்சு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் இதைச் செய்யாதீர்கள், முதலில் மருத்துவர்.

நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?