உங்கள் மகள் உங்களுக்குக் காவலாளி அல்ல

கேள்வி: எனக்கு 36 வயது. கரூரில் இருக்கிறோம். ஒன்றரை வருஷமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் போல இருக்கிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். டாக்டர் இது பதற்ற நோய், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். ‘எல்லாம் உன் நினைப்புதான்’ என்கிறார் கணவர். வெளியே போனால் பத்து வயது மகள் கூட வருவாள், தண்ணீர் பாட்டிலும் போனும் அவள் கையில் இருக்கும், எப்படியோ சமாளிக்கிறேன். மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் நாளைக்கு அவளுக்கு வரன் அமையுமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, ஊர்ப் பெயர் மட்டும் மாறி இதே கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ‘பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் இருக்கும். சொன்னதால் எதுவும் குறையவில்லை.

போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் நான் நின்றுவிட்டேன். போன் எதற்கு அந்தக் குழந்தை கையில்? அம்மா விழுந்தால் அப்பாவைக் கூப்பிட. நீங்கள் தக்காளி பொறுக்கும்போது அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பத்து வயதில் தெருவில் ஓடி விளையாட வேண்டியவளுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்! இன்னும் பதினைந்து வருஷம் கழித்து வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். இன்றைக்கு அவள் படும் பாடு கண்ணில் படவில்லை. பிள்ளையைத் தாங்குவதுதான் தாயின் கடமை. அது தலைகீழாக நடக்கும் வீட்டில் பிள்ளைக்கும் பயம் ஒட்டிக்கொள்ளும்.

நோயையும் இதே வழக்கம்தான் வளர்க்கிறது. படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்கும். வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. கை மரத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மகள் பக்கத்தில் இருப்பதால், ‘இவள் இருந்ததால் பிழைத்தேன்’ என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. அவள் இல்லாவிட்டாலும் அது இறங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ள நீங்கள் வழியே விடவில்லை.

இதற்கு இருக்கும் சிகிச்சையைச் சிபிடி என்பார்கள், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை. வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம் போல, மூன்று நான்கு மாதம். வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. சிகிச்சையாளர் தன் முன்னாலேயே உங்களை நின்ற இடத்தில் ஓடச் சொல்வார், வேகமாக மூச்சுவிடச் சொல்வார். அதே படபடப்பு வரும். ஓடிப்போகாமல் உட்கார்ந்து, அது இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அப்புறம் தெருமுனைக் கடை, தனியாக. அதற்கப்புறம் பஸ். கஷ்டமாகத்தான் இருக்கும், செய்யுங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். மெடிக்கலில் கேட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. அதனால் வரன் கதையை விடுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐயா, நினைப்புதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நீங்கள் சுமக்க வேண்டியதை உங்கள் மகள் சுமக்கிறாள். சிகிச்சை முடியும்வரை வாரம் அரைநாள் லீவு போடுங்கள்.

‘அம்மாவைப் பார்த்துக்கொள்வது இனி உன் வேலை இல்லை, அம்மா டாக்டரிடம் போகிறேன்’ என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சகோதரி. ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. கணவர் கூட வரட்டும். அன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் போகட்டும்.