ஞாயிறு மாலை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது

கேள்வி: அக்கா, எனக்கு வயது 33. சாங்கி பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் சுங்க பர்மிட் எடுக்கும் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஜனவரியில் குழுத் தலைவியாக உயர்த்தினார்கள். மார்ச்சில் வேலையை விட்டுப் போன ஒருவருக்குப் பதில் இன்னும் ஆள் போடவில்லை. மேலாளர் இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் அனுப்புகிறார். சரியாகத் தூங்கிப் பல வாரமாகிறது. மீட்டிங்கில் வாயே திறக்க வரவில்லை. அங்கே எல்லோரும் டிகிரி படித்தவர்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் நார்மல் டெக்னிக்கல் பிரிவு, பிறகு ஐடிஇ தொழிற்கல்வி, அப்புறம் பாலிடெக்னிக் என்று வந்தவள். எனக்கு இந்தப் பதவிக்குத் தகுதி இல்லையோ என்று தோன்றுகிறது. ஞாயிறு மாலை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?
– செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மார்ச்சில் போனவருக்குப் பதில் ஆள் போடவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் இத்தனை மாதமாக இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக இழுத்துக்கொண்டு, முடியாதபோது தகுதியில்லை என்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் தூக்க வேண்டிய அரிசி மூட்டையை ஒருத்தர் தூக்கினால் முதுகு வலிக்கத்தான் செய்யும். அதற்கு முதுகைக் குறை சொல்வீர்களா?

அதனால் முதலில் பாரத்தைப் பார்ப்போம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். அன்றைக்கு எத்தனை பர்மிட், அதில் எத்தனை அவசர சரக்கு, எத்தனைக்குத் திருத்தம் கேட்டார்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினீர்கள். இவ்வளவு போதும். பிறகு மேலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அந்த எண்களை அவர் முன்னால் வையுங்கள். “என்னால் முடியவில்லை” என்று தொடங்காதீர்கள். “இரண்டு பேர் பார்த்த வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. புது ஆள் வரும்வரை எதை முதலில் முடிக்க வேண்டும், எது ஒரு நாள் தாமதித்தால் பரவாயில்லை என்று நீங்கள் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எதை விடுவது என்று முடிவு செய்வது அவர் வேலை. இத்தனை நாளாக அதையும் சேர்த்து நீங்களே சுமந்திருக்கிறீர்கள். பேசி முடித்ததும் பேசியதை நாலு வரியில் மின்னஞ்சலாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை. அடுத்த மாதம் இருவருக்கும் மறந்துபோகும், அதற்காகத்தான்.

இரவு நேர வாட்ஸ்அப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு செய்தி அனுப்பக் கூடாது என்று இங்கே சட்டம் கிடையாது. ஆனால் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து 2020 நவம்பரில் வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு, இதற்கு ஒரு தெளிவான கொள்கை வைத்துக்கொள்ளும்படி முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறது. “விமானத்தைத் தவறவிடப் போகிற சரக்கு என்றால் இரவில் கூப்பிடுங்கள், எடுக்கிறேன். மற்றதைக் காலையில் பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பல மேலாளர்கள் தங்கள் நினைவுக்காகத்தான் இரவில் அனுப்புகிறார்கள். பதில் வராவிட்டால் அவர்களும் தூங்கிவிடுவார்கள்.

இப்போது மீட்டிங்குக்கு வருவோம். பர்மிட்டைக் கணினி வழியாக எடுக்கும் டிரேட்நெட் 1989இல் வந்தது. அதற்கு முன்பு, படிவங்களை டைப் அடித்துத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், நானும் ஒரு கப்பல் அலுவலகத்தில் கடைக்குட்டியாக இருந்தேன். ஒருநாள் இன்வாய்ஸில் ஒரு எண்ணிக்கை, பேக்கிங் லிஸ்டில் வேறு எண்ணிக்கை. பார்த்தேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று வாயை மூடிக்கொண்டேன். அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சரக்கு துறைமுகத்தில் தங்கிவிட்டது, கிடங்கு வாடகை ஏறியது. அன்று ராத்திரி அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. காகிதத்தைக் கையில் தொட்டவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உங்கள் அறையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சரக்கு என்ன வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எட்டு இலக்க எச்எஸ் கோடு ஒன்றைப் பார்த்ததும் இது இந்தப் பொருளுக்குப் பொருந்தாதே என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அது ஒன்பது வருடத்தில் வந்த கண். தவறாக அறிவித்தால் அபராதம் வரை போகக்கூடிய விஷயம் அது. அந்தக் கண்ணை நம்பித்தான் உங்களைத் தலைவியாக்கியிருப்பார்கள். நீளமாகப் பேச வேண்டாம். முந்தின நாளே ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு, கூட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுங்கள். “போன வாரம் மூன்று பர்மிட்டுக்குத் திருத்தம் வந்தது, மூன்றுமே ஒரே வாடிக்கையாளருடையது” என்பது போல. நேரம் போகப் போக நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதனால்தான் முதலிலேயே பேசச் சொல்கிறேன்.

நார்மல் டெக்னிக்கல் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு தேர்வு முடிவை வைத்து ஒட்டிய சீட்டு அது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளையே கல்வி அமைச்சு எடுத்துவிட்டது. ஒட்டியவர்களே கிழித்துப் போட்டதை நீங்கள் 33 வயதிலும் ஏன் நெற்றியில் வைத்திருக்க வேண்டும்? ஐடிஇயிலிருந்து பாலிடெக்னிக்குக்கு ஏறி வருவது எவ்வளவு கஷ்டம் என்று ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் இருக்கும் 500 வெள்ளியை எடுத்து மேடைப்பேச்சு வகுப்பில் சேரலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இப்போது வேண்டாம். களைத்துப்போன உடம்புக்கு இன்னொரு வீட்டுப்பாடம் எதற்கு?

தூக்கம் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் செய்வதில் இதுதான் முதல். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் பேட்டை கிளினிக்கோ பலதுறை மருந்தகமோ, எங்கே வசதியோ அங்கே இந்த வாரமே போங்கள். டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு சட்டப்படி உண்டு. நள்ளிரவில் மனசு தாங்காமல் போனால் மனநல உதவி எண் 1771க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வாழவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றினால் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767.

எண்களை வைத்துப் பேசிய பிறகும் மேலாளர் அசையவில்லை என்றால் எச்ஆரிடம் போங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் வேறு வேலை தேடுவதில் தப்பே இல்லை. கையில் வேலை உறுதியாகும்வரை ராஜினாமா கடிதம் மட்டும் வேண்டாம்.

நோட்டுப் புத்தகத்தை இந்தத் திங்களே தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து, மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா