படிக்கும்போது பாட்டு ஓடலாமா?

படிக்கும்போதும் வீட்டு வேலையின்போதும் பாட்டுக் கேட்கலாமா, நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது வேலையைப் பொறுத்தது. படித்த வரியை மூளை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் சற்று நேரம் பிடித்துவைக்கிறது. உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்சும் 1974இல் முன்வைத்த செயல்நினைவுக் (working memory) கொள்கை இதைத்தான் பேசுகிறது. பாட்டின் சொற்களும் அதே இடத்துக்கு வந்து முட்டுகின்றன. தமிழ்ப் பாட்டு ஓடினால் நான் ஒரே பத்தியை மூன்று முறை படிப்பேன்.

ஆகவே படிக்கும்போது வாய்ப்பாட்டு வேண்டாம். லால்குடி ஜெயராமனின் வயலினைத் தாழ்வாக வைப்பேன். அதிலும் ஒரு சிக்கல்: சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், மனப்பாடமான கீர்த்தனை என்றால், வயலினில் வந்தாலும் மனம் சொற்களைச் சேர்த்துப் பாடத் தொடங்கிவிடும். அதனால் சொற்களே இல்லாமல் ராகத்தை விரித்து வாசிக்கும் ராக ஆலாபனை மட்டும்தான். மனப்பாடம் செய்வதற்கு அதுவும் கூடாது.

சமையலறையில் கதையே வேறு. சின்ன வெங்காயம் உரிக்கக் கை போதும். காது சும்மாதானே இருக்கிறது! அங்கே டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம், அவருடைய தோடி ராகம். பழைய பதிவின் கரகரப்பையும் மீறி அந்தக் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) அசையும்போது கத்தி தானாக நின்றுவிடும். நடுவே குக்கர் விசில் அடித்தால் அடுப்பைத் தணித்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பக் கேட்பேன்.

சாலையில் நடக்கும்போது மட்டும் காதில் எதையும் மாட்டாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்க வேண்டும்.