மீன் எண்ணெய் கேப்சூலை வெறும் வயிற்றில் விழுங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. தைராய்டு குறைபாட்டுக்குப் பல வருடமாக மாத்திரை எடுக்கிறேன். சமீபத்தில் ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 610 என்று வந்ததால், ஒமேகா-3 (மீன் எண்ணெய்) கேப்சூல் காலையில் 2, இரவில் 2 எழுதிக்கொடுத்தார் டாக்டர். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறேன். எண்ணெயைக் குறைக்கச் சொன்னதால் இரவில் ஓட்ஸ் கஞ்சி மட்டும்தான். படுக்கப் போகும்போது மீதி இரண்டு. நாள் முழுக்க மீன் வாடையோடு ஏப்பம் வருகிறது. எண்ணெயைக் குறை என்று சொல்லிவிட்டு எண்ணெயையே மருந்தாகக் கொடுக்கிறார்களே, இது உடம்பில் சேருகிறதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சேருவது குறைவாகத்தான் இருக்கும். காரணம் நீங்கள் விழுங்கும் நேரம். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு வேண்டும். இந்தக் கேப்சூலுக்குச் சாப்பாடு வேண்டும். இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் அனுப்பக் கூடாது.

டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒமேகா-3 மருந்துகள் பெரும்பாலும் 'ஈதைல் எஸ்டர்' வடிவத்தில் இருக்கும். குடல் அதை அப்படியே உறிஞ்சாது. கணையத்திலிருந்து வரும் நொதிகள் முதலில் அதை வெட்டி, கொழுப்பு அமிலத்தைத் தனியே பிரிக்க வேண்டும். அந்த அமிலமும் தண்ணீரில் கரையாது. எண்ணெய் தேய்த்த தலையில் சீயக்காய் செய்யும் வேலையைக் குடலில் பித்தநீர் செய்தால்தான் அது நுண்துகள்களாகிக் குடல் சுவரைத் தொடும். பித்தப்பையும் கணையமும் எப்போது சுரக்கும்? சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பு முன்சிறுகுடலுக்கு வந்து சேரும்போது. வெறும் வயிற்றிலோ எண்ணெயே இல்லாத கஞ்சிக்குப் பிறகோ விழுங்கினால் அந்தத் தூண்டுதல் மிகக் குறைவு. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 கிராம் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தபோது ஈதைல் எஸ்டரிலிருந்து சுமார் 20 சதவீத இபிஏதான் (ஒமேகா-3 வகைகளில் ஒன்று) உறிஞ்சப்பட்டது. 44 கிராம் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தபோது அது 60 சதவீதம் வரை போனது. அதற்காக 44 கிராம் சாப்பிடச் சொல்லவில்லை! எண்ணெய் சேர்ந்த சாதாரண வீட்டுச் சாப்பாட்டோடு எடுங்கள்.

குடல் சுவரைத் தாண்டிய பிறகு இது போகும் வழியும் வேறு. பெரும்பாலான மாத்திரைகள் குடலிலிருந்து ரத்தம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகும். ஒரு பகுதி அங்கேயே சிதைந்துவிடும். ஒமேகா-3 போன்ற நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைக் குடல் செல்கள் மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டி, புரத உறை போர்த்தி, 'கைலோமைக்ரான்' என்ற உருண்டைகளாக்கி நிணநீர்க் குழாய்க்குள் விடுகின்றன. அந்தக் குழாய் மார்பு வழியே மேலேறி, இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. முதல் சுற்றில் கல்லீரலைத் தொடுவதே இல்லை. (தேங்காய் எண்ணெய் நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மைகூட இல்லை. அப்படிப் போவது 8, 10 கார்பன் கொண்ட குட்டைக் கொழுப்பு அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் சுமார் பாதியாக இருக்கும் லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி நிணநீர் வழியேதான் போகிறது.)

ரத்தத்தில் உருண்டைகள் பிரிந்ததும், விடுபட்ட கொழுப்பு அமிலங்களை ஆல்புமின் என்ற புரதம் சுமக்கிறது. சர்க்கரை நோய்க்கு வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசியில் மருந்து மூலக்கூறோடு ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டியிருப்பதும் இதே ஆல்புமினைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் ரத்தத்தில் தங்கத்தான். ஒமேகா-3 அதோடு நிற்காமல் செல்களின் சவ்விலேயே போய் உட்காருகிறது. அதனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; ஒருவேளை தவறிப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக விழுங்க வேண்டியதில்லை.

எண்ணெயே எப்படிக் கொழுப்பைக் குறைக்கும் என்பது நல்ல கேள்வி. உங்கள் ரத்தத்தில் இருக்கும் ட்ரைகிளிசரைடில் கணிசமான பகுதி, கல்லீரல் தானே தயாரித்து வெளியே அனுப்புவது. சர்க்கரை, அதிகமான அரிசிச் சோறு, மது எல்லாம் அதற்குக் கச்சாப்பொருள். ஒமேகா-3 அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது, ரத்தத்தில் இருப்பது சீக்கிரம் நீங்கவும் உதவுகிறது. ஆகவே நீங்கள் ஓட்ஸில் எண்ணெயை ஒழித்தீர்களா என்பதைவிட, அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டீர்கள் என்றுதான் நான் கேட்பேன். ஆனால் ட்ரைகிளிசரைடு 1,000ஐத் தாண்டியவர்களுக்கு இது பொருந்தாது. கணைய அழற்சி வரும் அபாயம் அதிகம் என்பதால் அவர்கள் எல்லா எண்ணெயையும் கடுமையாகக் குறைத்தே ஆக வேண்டும்.

காலையில் தைராய்டு மாத்திரையை மட்டும் போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து இட்லி, சட்னி, பொடிக்கு நல்லெண்ணெய் என்று சாப்பிடும்போது நடுவில் இரண்டு கேப்சூல். இரவிலும் படுக்கையில் வேண்டாம், சாப்பாட்டோடு எடுங்கள். ஏப்பமும் பெரும்பாலும் குறைந்துவிடும். டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்து நாளாகிவிட்டதென்றால் பார்த்துவிடுங்கள். தைராய்டு சரியாகக் கட்டுப்படாவிட்டாலே ட்ரைகிளிசரைடு ஏறும்.

கடையில் விலை குறைவு என்று வேறு டப்பாவுக்கு மாறாதீர்கள். '1,000 மி.கி. மீன் எண்ணெய்' என்று எழுதியிருக்கும் பல கேப்சூல்களில் இபிஏ 180, டிஹெச்ஏ (இன்னொரு வகை ஒமேகா-3) 120 மி.கி. மட்டுமே இருக்கும். மருந்துத் தரமான 4 கேப்சூலில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும் சுமார் 3.4 கிராமை எட்ட, அதில் 11, 12 விழுங்க வேண்டும்.

இந்த அளவில் எடுப்பவர்கள் நெஞ்சுப் படபடப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. 8,179 பேரிடம் தினம் 4 கிராம் இபிஏ மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வில், இதயத் துடிப்பு ஒழுங்கின்றிப் போய் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3.1 சதவீதம், எடுக்காதவர்களில் 2.1 சதவீதம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராகவோ மீன் ஒவ்வாமை உள்ளவராகவோ இருந்தால் உங்கள் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். இல்லையென்றால் நேரத்தை மாற்றி இரண்டு, மூன்று மாதம் எடுத்துவிட்டு, கேப்சூலை நிறுத்தாமலேயே 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.